ஏழாம் இலக்கப் பள்ளி

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். என்னிடம் படித்தவர்கள் காதைத் தடவிக்கொண்டே சொல்வார்கள். முப்பத்தொரு வருஷம் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளைப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஆயத்தம் செய்தவள் நான். பொறுமைசாலியாக இருந்திருந்தால் அந்த வேலையில் ஒரு தவணைகூடத் தாக்குப்பிடித்திருக்க மாட்டேன். ஆனால் கேதீஸ்வரி ரீச்சர் கோபக்காரி என்பதோடு என்னை முடித்துவிடாதீர்கள். ஒரு புத்தகத்தில் என்னைப்பற்றி வேறு மாதிரியும் எழுதியிருக்கிறது. அந்தப் பக்கத்தை லமினேட் செய்து, முன்னறை அலுமாரியில் கண்ணாடிக்குப் பின்னால் பன்னிரண்டு வருஷம் வைத்திருந்தேன்.

புத்தகம் என்றால் கதைப்புத்தகம் இல்லை. ஆராய்ச்சி. சுனாமி வந்து இரண்டு மாதத்தில், நிவேதனா என்ற இளம் வைத்தியர் வடமராட்சியில் பத்துப் பள்ளிக்கூடங்களுக்குப் போய், பத்து வயதுப் பிள்ளைகளின் மனம் எப்படி இருக்கிறது என்று கேட்டு எழுதியது. பள்ளிக்கூடங்களின் பெயரைப் போடுவதில்லையாம், இலக்கம்தான். உடுப்பிட்டிக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் பள்ளிக்கூடம் ஏழாம் இலக்கம். மற்ற ஒன்பதிலும் மூன்றில் ஒரு பிள்ளைக்கு நித்திரை இல்லை, சாப்பாடு இறங்காது, சத்தம் கேட்டால் பயம். ஏழாம் இலக்கத்தில் நாற்பத்தொரு பிள்ளைகளில் இரண்டே இரண்டு பேருக்குத்தான் அப்படி. ஏன் என்று நிவேதனா ஒரு அதிகாரமே எழுதியிருந்தார். அதில்தான் என் பக்கம் வருகிறது.

"ஏழாம் இலக்கப் பள்ளியின் வகுப்பாசிரியை கண்டிப்பானவர். ஆனால் பிள்ளைகள் அவரிடம் பாதுகாப்பை உணர்ந்தார்கள். வினாத்தாள் நிரப்பிய நாளில் ஒரு சிறுமி தடுமாறியபோது, ஆசிரியை சத்தமின்றி வந்து தன் அழிறப்பரை அவளுடைய மேசையில் வைத்து, தலையைத் தடவிவிட்டுப் போனதை நான் கண்டேன்."

யார் வீட்டுக்கு வந்தாலும் தேத்தண்ணீர் கொடுக்கும் முன்பே இந்தப் பக்கத்தைக் கொடுத்துவிடுவேன். கரண்ட் பில் கொண்டுவந்த தம்பிகூட வாசித்திருக்கிறான். என் கணவர் அருளம்பலம் தபால் கந்தோரில் வேலை செய்து இளைப்பாறியவர். நான் பக்கத்தை எடுக்கும்போதெல்லாம் அவர் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வார். பின்னால் சிரிக்கிறார் என்று எனக்குத் தெரியும். அந்த அழிறப்பரின் கதை முழுவதும் தெரிந்த ஒரே மனிசன் அவர்தான்.

இந்த வருஷம் ஆனி மாதம் நிவேதனா திரும்பி வந்தார். அந்த நாளில் லேடீஸ் சைக்கிளின் பின் கரியரில் தாள்கட்டைக் கட்டிக்கொண்டு, வியர்த்து விறுவிறுத்து வந்த பெட்டை. இப்போது வெளிநாட்டில் பேராசிரியர். காதோரம் நரைத்திருந்தது, சிரிப்பு மட்டும் மாறவில்லை.

"ரீச்சர், என்னைத் தெரியுதோ?"

"தெரியாமல் என்ன? நீங்கள் எழுதின பக்கம் உங்களுக்குப் பின்னாலைதான் நிக்குது. திரும்பிப் பாருங்கோ."

திரும்பிப் பார்த்தார். லமினேட் செய்ததைக் கண்டதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நான் கதிரையை இழுத்துப் போட்டேன்.

"அந்த நாப்பத்தொரு பேரையும் திரும்பக் கண்டுபிடிக்கவேணும், ரீச்சர்," என்றார் கதிரையில் உட்கார்ந்துகொண்டு. "இப்ப முப்பது வயசு வந்திருக்கும். அதே கேள்வியளை இன்னொருக்கால் கேக்கப்போறன். உங்கடை வகுப்பு எப்பிடித் தப்பினது எண்டு விளங்கினால், நூறு பள்ளிக்கூடத்து ஆசிரியர்மாருக்கு அதையே பழக்கலாம். எல்லாம் ஆயத்தம். ஏழாம் இலக்கத்தை வைச்சுத்தான் முழுத் திட்டமும்."

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தேன்தான். "தேத்தண்ணிக்குச் சீனி போடுறதோ?" என்று கேட்டேன்.

பொய் என்று சொன்னால் அந்தப் பக்கம் போய்விடும். பக்கம் போனால் போகட்டும், அதோடு அந்த வருஷமும் போய்விடுமோ என்பதுதான் என் பயம். என் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த வருஷம் அது. கலியாணம் கட்டிய வருஷத்தைவிடப் பிடிக்கும். இதை அருளம்பலத்திடமே சொல்லியிருக்கிறேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

வரவு இடாப்பு இன்னும் என்னிடம் இருந்தது. பழைய இடாப்பைக் கந்தோரில் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். அந்த வருஷத்து இடாப்பை மட்டும் நான் கொடுக்கவில்லை. அதை மேசையில் விரித்தோம். ஒவ்வொரு பெயராக வாசிக்க வாசிக்க, எனக்கு அந்த வகுப்பறையின் மணமே வந்துவிட்டது. கடற்கரையில் கூரை போன பள்ளிக்கூடத்திலிருந்து பதினெட்டுப் பிள்ளைகள் தை மாதம் எங்களிடம் வந்து சேர்ந்தார்கள். நிவாரணத்தில் கொடுத்த ஒரே மாதிரி நீலப் பை எல்லார் முதுகிலும். யாருடைய பை யாருடையது என்று தெரியாமல் ஒவ்வொரு நாளும் சண்டை.

முதல் கிழமையே எங்கள் ஊர்த் தாய்மார் நாலு பேர் வந்து வகுப்பு வாசலில் நின்றார்கள். தங்கள் பிள்ளைகளைக் கரைப் பிள்ளைகளோடு ஒரே வாங்கில் இருத்த வேண்டாமாம். எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த சோக்கு உடைந்துவிட்டது. "அப்பிடியெண்டால் உங்கடை பிள்ளையளைக் கையோடை கூட்டிக்கொண்டு போங்கோ. நெல்லியடியிலை எத்தினை பள்ளிக்கூடம் இருக்கு," என்றேன். ஒருவரும் கூட்டிப்போகவில்லை. புலமைப்பரிசிலுக்கு என்னை விட்டால் ஆள் ஏது? அன்று மத்தியானமே மூன்று வரிசையிலும் எல்லாரையும் கலந்து இருத்தினேன்.

பிறகு பாருங்கள், அந்த வகுப்பு ஒரு வகுப்பாகிய விதத்தை. கரைப் பிள்ளைகள் கணவாய் ஓடு கொண்டுவந்து எங்கள் பிள்ளைகளுக்குக் கப்பல் வெட்டிக் கொடுத்தார்கள். எங்கள் பிள்ளைகள் கிளித்தட்டு விளையாடக் கூப்பிட்டார்கள். கரைப் பிள்ளைகளின் ஓட்டத்துக்கு முன்னால் ஊர்ப் பிள்ளைகள் ஒருவராலும் நிற்க முடியவில்லை. மணலில் ஓடிப் பழகிய கால்கள் அல்லவா. சயந்தன் என்று ஒரு வால் இருந்தான். நான் கந்தோருக்குப் போனால் என்னுடைய கண்ணாடி மாதிரிக் கம்பியை வளைத்துப் போட்டுக்கொண்டு, என் குரலிலேயே வகுப்பை அதட்டுவான். ஒருநாள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுவிட்டுச் சத்தம் போடாமல் திரும்பி நடந்தேன். அப்படியே நான்தான்.

என் வகுப்பில் இரண்டு சட்டம். ஒன்று, தாளின் ஓரத்தில் புறம்பாக ஒரு எழுத்தும் எழுதக்கூடாது. புள்ளி வெட்டுவேன். மற்றது, கட்டுரை எழுத இடம் போதாவிட்டால் எழும்பி நின்று "ரீச்சர், இன்னொரு தாள்" என்று கேட்கலாம். அப்படி ஒரு பிள்ளை கேட்டால் எனக்கு மனம் குளிர்ந்துவிடும். தாளை நானே கொண்டுபோய்க் கொடுப்பேன்.

இடாப்பில் மூன்று பெயர்கள் வந்தபோது நான் வாசிக்காமல் விரலை மட்டும் வைத்தேன். யுத்தத்தில் போன பிள்ளைகள்.

அவர் போன பிறகு அருளம்பலம் பேப்பரை மடித்து வைத்தார்.

"சொல்லுவீரோ, இல்லையோ?"

"எதை?"

"உம்மடை ஒத்திகையை."

"வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருங்கோ."

"நான் இருபது வருஷமாச் சும்மாதானே இருக்கிறன். இப்ப நூறு பள்ளிக்கூடம் எண்டெல்லே அந்தப் பிள்ளை சொல்லுது."

குசினிக்குள் போய்ப் பாத்திரங்களை அடித்துக் கழுவினேன்.

நடந்தது இதுதான். இரண்டாயிரத்து ஐந்து, மாசி மாதம், ஒரு வியாழக்கிழமை. நிவேதனா வினாத்தாள் கட்டை எங்கள் அதிபர் சோமசேகரத்திடம் கொடுத்து, நாளைக்குக் காலமை வந்து பிள்ளைகளைக்கொண்டு நிரப்புவிக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வினாத்தாளை முதல்நாளே ஒரு யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுப் போகிற ஆள் உலகத்தில் வேறு எங்காவது உண்டா? சோமசேகரம் சேர் உடனே என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"ரீச்சர், பத்துப் பள்ளிக்கூடத்துக்கும் ஒரே வினாத்தாளாம். எங்கடை பிள்ளையள் குறைஞ்சிடக்கூடாது."

அவருக்கும் எனக்கும் வினாத்தாள் என்றால் பரீட்சை. பரீட்சை என்றால் ஆயத்தம். வேறு மாதிரி யோசிக்க எங்களுக்குத் தெரியவே தெரியாது. தாளை எடுத்துப் பார்த்தேன். இருபத்தைந்து கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று கூடுகள்: ஒருபோதும் இல்லை, சிலவேளை, அடிக்கடி. கெட்ட கனவு வருமா, தனியாக இருக்கப் பயமா, காரணமில்லாமல் அழுகை வருமா என்று கேட்டிருந்தது. பாடத்திட்டத்தில் இல்லாத வினாத்தாள்தான், ஆனால் சரியான விடை எது என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நிமிஷம் போதும். ஒருபோதும் இல்லை.

எனக்கு ஒரு பயமும் இருந்தது. இந்தப் பிள்ளைக்கு விசர் என்று ஒரு தாளில் யாராவது எழுதிவிட்டால், அந்தத் தாள் கலியாணம் வரைக்கும் துரத்தும். கரையிலிருந்து வந்த பிள்ளைகளைப்பற்றி ஊர் ஏற்கனவே கதைத்தது போதாதா? அவர்களைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்றைக்கு நேர்மையாகச் சொன்னால் பயம் கால்வாசி, பெருமை முக்கால்வாசி.

கணக்குப் பாடம் இரண்டையும் நிறுத்திவிட்டு, இருபத்தைந்து கேள்வியையும் கரும்பலகையில் எழுதினேன். சொல்லிக் கொடுத்தேன், திருப்பிக் கேட்டேன். பிழையாகச் சொன்ன பிள்ளையை எழுப்பி மூன்று தரம் சொல்ல வைத்தேன். "கெட்ட கனவு வருமா?" "ஒருபோதும் இல்லை, ரீச்சர்!" நாற்பது குரல் ஒன்றாக வந்தால் எப்படி இருக்கும் தெரியுமா? கேட்கவே உற்சாகமாக இருந்தது. பிள்ளைகளும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

அனுபவம் உள்ளவள் அல்லவா, இன்னொன்றும் செய்தேன். "எல்லாரும் ஒரே மாதிரிப் போட்டால் பாத்து எழுதினதெண்டு நினைப்பினம்," என்றேன். "முதலாம் வரிசை, ஆறாவது கேள்விக்கு மட்டும் 'சிலவேளை' போடுங்கோ. இரண்டாம் வரிசை, பதின்மூண்டு. மூண்டாம் வரிசை, பத்தொன்பது." ஆறு தலையிடி, பதின்மூன்று கவனம் சிதறுவது, பத்தொன்பது கோபம். யாருக்கும் கெட்ட பெயர் வராத கேள்விகளாகப் பார்த்துத்தான் எடுத்தேன். அன்று பள்ளிக்கூடம் வராத இரண்டு பிள்ளைகளை மறந்துபோனேன். புத்தகத்தில் வந்த அந்த இரண்டு பேர் அவர்கள்தான்.

அடுத்த நாள் நிவேதனா முன்னால் இருந்தார். நான் பின்னால் நின்றேன். பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டு கூடு கூடாகப் போட்டுக்கொண்டு போனார்கள். இரண்டாம் வரிசையின் ஓரத்தில் சாருஜா இருந்தாள். கரைப் பிள்ளை. மெலிந்த, கெட்டிக்காரப் பிள்ளை. கடல் வந்தபோது நாலு வயதுத் தம்பி அவளுடைய கையில்தான் இருந்தவன். கை விட்டுப்போய்விட்டது. அது எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் கதைப்பதில்லை.

கெட்ட கனவுக் கேள்வியில் அவளுடைய பென்சில் நின்றது. நான் மெல்லப் போய்ப் பின்னால் நின்று பார்த்தேன். 'அடிக்கடி' என்ற கூட்டில் போட்டிருந்தாள். அதோடு நிற்காமல் ஓரத்தில் சின்ன எழுத்தில் எழுதிக்கொண்டிருந்தாள். "தம்பி கூப்பிடுகிறான். நான் போகவில்லை."

எனக்கு என்ன வந்தது தெரியுமா? அழுகை வரவில்லை. ஓரத்தில் எழுதிவிட்டாளே என்ற கோபம்தான் முதலில் வந்தது. பிறகு பயம் வந்தது. என் அழிறப்பரை எடுத்து அவளுடைய மேசையில் வைத்தேன். காதுக்குள் சொன்னேன்: "புறம்பா ஒண்டும் எழுதக்கூடாது. அழிச்சுப்போட்டுச் சரியா எழுது." தலையைத் தடவிவிட்டேன். அவள் அழித்தாள். தாள் கிழியாமல், பக்குவமாக அழித்தாள். நிமிர்ந்து பார்த்தால் நிவேதனா என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்புத்தான் பிறகு லமினேட் செய்த பக்கமானது.

ஆவணி விடுமுறைக்குள் இருபத்தெட்டுப் பேரைக் கண்டுபிடித்துவிட்டோம். பதினேழு பேர் கனடா, பிரான்ஸ், லண்டன். சயந்தன் லண்டனில் பேருந்து ஓட்டுகிறானாம். தொலைபேசியில் என் குரலைக் கேட்டதும் என் குரலிலேயே பதில் சொன்னான், படுபாவி. வெளிநாட்டில் இருப்பவர்களை நிவேதனா பிறகு பார்த்துக்கொள்வார். இங்கே இருந்த பதினொரு பேரைச் சனிக்கிழமைகளில் எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்துக்கு ஒவ்வொருவராக வரச் சொன்னோம்.

"ரீச்சர், ஒண்டு சொல்லுறன், கோவிக்கக்கூடாது," என்றார் நிவேதனா. "அவை எழுதேக்கை நீங்கள் உள்ளுக்கு வரக்கூடாது. ஒருத்தரும் பக்கத்திலை நிக்கக்கூடாது."

"நானேன் வாறன்? நான் தேத்தண்ணி ஊத்துறன்," என்றேன்.

மூன்றாவது சனிக்கிழமை சாருஜா வந்தாள். அவளை நான் அடிக்கடி காண்பேன். நெல்லியடியில் மருந்துக்கடையில் வேலை. என் பிரஷர் குளிசையை அவள்தான் எடுத்துத் தருவாள். எப்படி இருக்கிறாய் பிள்ளை என்று கேட்டால், "ஒரு பிரச்சினையும் இல்லை, ரீச்சர்," என்பாள், எப்போதும் சிரித்த முகம்தான். என் வகுப்பில் நன்றாக வந்த பிள்ளை என்று அவளைக் காட்டி எத்தனை பேரிடம் பெருமையடித்திருப்பேன்!

அவள் உள்ளே போய்ப் பத்து நிமிஷமிருக்கும். நிவேதனாவுக்கு வெளிநாட்டிலிருந்து அழைப்பு வர, அவர் கேற்றடிக்குப் போய்விட்டார். தேத்தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது. ஆறிய தேத்தண்ணீரைப் பிள்ளைக்குக் கொடுக்கிறதா? கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். போகக்கூடாது என்று சொன்னது நினைவில் இருந்தது. இருந்தும் போனேன்.

என்னைக் கண்டதும் சாருஜா எழும்பி நின்றாள். முப்பது வயதுப் பெண், ஒரு பிள்ளைக்குத் தாய், கதிரையைப் பின்னால் தள்ளிவிட்டு வகுப்பில் எழும்புவதுபோலவே நின்றாள். நிரப்பிய தாள் மேசையில் கிடந்தது. பார்க்கக்கூடாதுதான். ஆனால் இத்தனை வருஷம் விடைத்தாள் திருத்திய கண் என்னைக் கேட்டா போகும்? மேலிருந்து கீழே ஒரே ஓட்டத்தில் போனது. ஒருபோதும் இல்லை. ஒருபோதும் இல்லை. ஒருபோதும் இல்லை. பதின்மூன்றில் மட்டும் சிலவேளை. பிறகு கடைசிவரை ஒருபோதும் இல்லை.

கோப்பையை வைக்க மேசையில் இடம் தேடினேன். தாளையே பார்த்துக்கொண்டு வைத்ததில் தேத்தண்ணீர் சிந்திவிட்டது.

"சரியோ, ரீச்சர்?" என்று கேட்டாள் சாருஜா. "நான் இரண்டாம் வரிசையெல்லே."

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.

"நீ ஏன் பிள்ளை இன்னும் உதைப் போடுறாய்?"

"ஆர் கேட்டாலும் உதுதான் ரீச்சர் சொல்லுறனான். மகன் பிறந்தாப்போலை கிளினிக்கிலையும் உப்பிடித்தான் கேட்டவை. நித்திரை வருதோ, அழுகை வருதோ எண்டு. ஒருபோதும் இல்லை எண்டன். கெட்டிக்காரி எண்டு சொல்லி அனுப்பிவிட்டிச்சினம்."

"உண்மையிலை நித்திரை வருதோ?"

சிந்திய தேத்தண்ணீரைத் தன் லேஞ்சியால் துடைத்தாள். மேசை காய்ந்த பிறகும் துடைத்துக்கொண்டே நின்றாள்.

"மகனுக்கு இப்ப நாலு வயசு, ரீச்சர்," என்றாள். "அவன்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு றோட்டுக் கடக்கேலாமல் கிடக்கு. இவரிட்டைக் குடுத்திட்டுப் பின்னாலை நடக்கிறன். இவர் ஏனெண்டு கேட்டால், கை வேர்க்குது எண்டுவன்."

தம்பிக்கும் நாலு வயது. பன்னிரண்டு வருஷம் நான் ஊரெல்லாம் காட்டித் திரிந்த பக்கத்துக்கு விலை இவளுடைய நித்திரை. அந்த நேரத்தில் எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. இவளை என் கையாலேயே பூட்டிவைத்திருக்கிறேன் என்பது மட்டும்தான் தெரிந்தது.

நிவேதனா வாசலில் வந்து நின்றார். நான் உள்ளே நிற்பதைக் கண்டு அவருடைய முகம் மாறியது. அவர் ஏசுவதற்கு முன்னால் நான் தொடங்கிவிட்டேன். வியாழக்கிழமை, கரும்பலகை, மூன்று வரிசை, ஆறு, பதின்மூன்று, பத்தொன்பது, வராத இரண்டு பேர், அழிறப்பர். நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். பரீட்சையில் பிடிபட்ட பிள்ளை மாதிரித் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

நிவேதனா வாங்கில் உட்கார்ந்துவிட்டார்.

"அழிறப்பர்..." என்றார்.

"அது அழிக்கக் குடுத்தது, பிள்ளை."

"இருபது வருஷமா நான் உங்களைத்தான் ரீச்சர் படிப்பிச்சனான். எத்தினை நாட்டிலை, எத்தினை பேருக்கு."

"தெரியும். முதல்நாளே சொல்லியிருக்கவேணும். சீனி போடுறதோ எண்டு கேட்டிட்டன்."

கத்துவார் என்று பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அவர் நெற்றியைக் கையால் தாங்கிக்கொண்டு, "நானும்தான் பிழை விட்டனான்," என்றார். "இஞ்சை படிச்சு வளந்தவள். வினாத்தாளை முதல்நாள் அதிபரின்ரை கையிலை குடுத்தால் என்ன நடக்குமெண்டு எனக்குத் தெரியாதே? இதை நான் எழுதத்தான் வேணும், ரீச்சர். ஏழாம் இலக்கத்தை வெட்டவேணும். திட்டத்தையும் நிப்பாட்டவேணும்."

"எழுதுங்கோ. என்ரை பேரையும் போட்டு எழுதுங்கோ."

"பேர் போடுறேல்லை, ரீச்சர்."

அந்த நேரத்திலும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "அப்ப அந்த வருஷம் அந்த வகுப்பு சந்தோசமா இருந்ததெண்டு நான் நினைச்சுக்கொண்டிருக்கிறது முழுக்கப் பொய்யோ?" என்று கேட்டுவிட்டேன். கேட்டது நிவேதனாவிடம். பதில் சொன்னது சாருஜா.

"கிளித்தட்டு விளையாடினது பொய்யில்லை, ரீச்சர். அது உண்மையான சந்தோசம்தான். இரவிலைதான் மற்றது."

இதைக் கேட்டு எனக்கு ஆறுதலாக இருந்ததா, இன்னும் வலித்ததா என்று கேட்டால், இரண்டும்தான். சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டேன். நிவேதனாவின் வினாத்தாள் கட்டுக்குள் இருந்து புதுத் தாள் ஒன்றை எடுத்துச் சாருஜாவுக்கு முன்னால் வைத்தேன். பழைய தாளைக் கையில் எடுத்து மடித்தேன்.

"இதை நான் அழிச்சுப்போட்டன்," என்றேன். "நீ சரியா எழுது."

அவள் புதுத் தாளைப் பார்த்தாள். பேனையைத் திறந்தாள், மூடினாள்.

"புறம்பா எழுதலாமோ, ரீச்சர்?"

"ஓரத்திலை எழுது. பின்பக்கத்திலை எழுது. எங்கை வேணுமெண்டாலும் எழுது. ஒருத்தரும் புள்ளி வெட்டமாட்டினம்."

சொல்லிவிட்டு வெளியே வந்தேன். நிவேதனாவும் வந்து கதவைச் சாத்தினார். வெளியில் சைக்கிள் விடுகிற இடத்தில் இருந்த சீமெந்துத் திட்டில் இருவரும் உட்கார்ந்தோம். பேப்பர் வாசிக்க வந்த இரண்டு பெரியவர்கள் எங்களைப் பார்த்துவிட்டு, ஏதோ செத்த வீடு என்று நினைத்திருக்க வேண்டும், மெதுவாகத் திரும்பிப் போனார்கள். பரீட்சை மண்டபத்துக்கு வெளியே நிற்பது எனக்குப் பழக்கமில்லை. எப்போதும் உள்ளே, பிள்ளைகளின் முதுகுக்குப் பின்னால் நின்றவள். கால் தன்பாட்டில் எழும்பி எழும்பி நின்றது. நிவேதனா என் கையைப் பிடித்து இருத்தினார்.

அரை மணித்தியாலம் போனது. பிறகு உள்ளேயிருந்து கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. எழும்பி நின்றிருக்கிறாள்.

"ரீச்சர், இன்னொரு தாள்."

நிவேதனா என்னைப் பார்த்தார். மடியில் இருந்த வெள்ளைத் தாள்களை என்னிடம் நீட்டினார்.

"நீங்களே கொண்டுபோய்க் குடுங்கோ."

வேகமாகத்தான் போனேன். கதவைக் கொஞ்சமாகத் திறந்து, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் உள்ளே நீட்டினேன். அவள் வாங்கிக்கொண்டாள். கதவைத் திரும்பச் சாத்தினேன்.

அன்று மூன்று தரம் தாள் கேட்டாள். எழுதி முடித்ததும் நிவேதனா உள்ளே போய் அவளோடு மத்தியானம் வரை இருந்தார். இப்போது சாருஜா செவ்வாய்க்கிழமைகளில் கிளினிக்குக்குப் போகிறாள். ஏழாம் இலக்கத்தைப்பற்றி நிவேதனா எழுதி அனுப்பிவிட்டார். லமினேட் பக்கத்தை நான் எடுத்துவிட்டேன். கண்ணாடிக்குப் பின்னால் இப்போது அந்த வருஷத்து வரவு இடாப்பு நிற்கிறது. வருகிறவர்கள் ஏன் என்று கேட்டால், அருளம்பலம் பேப்பரைத் தூக்கிப் பிடிப்பதில்லை.

அந்தத் தாள்களில் சாருஜா என்ன எழுதினாள் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் மாட்டேன். இத்தனை வருஷத்தில் என் கையால் கொடுத்த தாள்களில் நான் வாசித்துப் பார்க்காதவை அவை மட்டும்தான்.